50 மூட்டை 5011 ஆனது எப்படி: பினாங்குக் கடையில் ஒரு விசைப்பலகை ஆய்வு

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பிறை என்ற ஊரில் இருக்கிற கிடங்கிலிருந்து ஜார்ஜ்டவுன் கடைக்கு ஒரு போன் வந்தது. வழக்கமாக 50 மூட்டை துவரம் பருப்பு எடுக்கிற கடைக்கு 5011 மூட்டை என்று டிஓ (சரக்கை அனுப்பச் சொல்லும் தாள்) வந்திருக்கிறது, லாரிக்குச் சொல்லவா வேண்டாமா என்று கிடங்குக்காரர் கேட்டார். அவரிடம் இருந்த மொத்தச் சரக்கே அவ்வளவு கிடையாது என்பதால் விஷயம் அங்கேயே நின்றது. அதற்கு முந்தைய வாரம் 5 மூட்டை மல்லி 511 ஆகியிருந்தது, 100 பாக்கெட் அப்பளம் 1001 ஆகியிருந்தது. அப்போதெல்லாம் கிடங்கிலேயே பேனாவால் அடித்துத் திருத்திவிட்டு, கை தவறியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

கை தவறியதாகச் சொல்லப்பட்டவர் அந்தக் கடையில் 20 வருஷத்துக்கு மேலாகப் பில் போடுகிற அக்கா. மார்க்கெட் ஸ்திரீட் பக்கத்தில் மளிகை மொத்த வியாபாரம், முன்னால் கடை, மாடியில் ஆபீஸ். முதலாளி என்னைக் கூப்பிட்டது பிழை தேடுவதற்கு இல்லை. "அக்காவுக்குப் புது கம்ப்யூட்டர் இன்னும் கைக்கு வரலை, ஒரு நாள் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துடு தம்பி" என்றுதான் சொன்னார். நான் மேலே ஏறிப் போனபோது அக்கா எதுவும் பேசவில்லை, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, சொல்லிக்கொடுக்கிற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அவர் கையைப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். இந்த ஆய்வில் உருப்படியாக நான் செய்த முதல் காரியம் அதுதான், அதற்குப் பிறகு அரை நாளை வீணாக்கியதையும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் அங்கே என்ன ஓடுகிறது என்பது. சரக்கு, பில், டிஓ மூன்றையும் பார்த்துக்கொள்கிற புரோகிராம் 90களில் எழுதியது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்ததைப் பிற்பாடு லினக்ஸ் சர்வருக்கு மாற்றியிருக்கிறார்கள், ஆனால் திரைக்கு எழுதும் பகுதியையும் விசைகளைப் படிக்கும் பகுதியையும் யாரும் தொடவில்லை. எதிரே என்ன டெர்மினல், அதாவது சர்வரோடு பேசுகிற திரையும் கீபோர்டும், இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. எதிரே இருப்பது விடி220, அவ்வளவுதான். 1983இல் வந்த டெர்மினல் அது, எல்கே201 என்ற கீபோர்டோடு வந்தது. எழுத்தும் எண்ணும் தவிர மற்ற விசைகளில் பெரும்பாலானவை எஸ்கேப் எழுத்தில், அதாவது பைட் எண் 27இல், தொடங்கும் ஒரு சின்ன வரிசையை அனுப்பும். பெரிய எண் விசைத்தொகுதியின் தலையில் பிஎஃப்1 முதல் பிஎஃப்4 வரை நான்கு விசைகள். மேல் வரிசையில் எஃப்1 முதல் எஃப்20 வரை, ஆனால் அதில் முதல் ஐந்து டெர்மினலின் சொந்த உபயோகத்துக்கு: திரையை நிறுத்துவது, அச்சடிப்பது, அமைப்புப் பக்கம் திறப்பது மாதிரி. அந்த ஐந்தும் சர்வருக்கு ஒரு பைட்டும் அனுப்பாது. இந்தக் கடைசி விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், 5011இன் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

உண்மையான டெர்மினல்கள் போய் ரொம்ப காலமாகிறது. கடையில் நான்கு கம்ப்யூட்டர், பிறையில் ஒன்று, எல்லாவற்றிலும் டெர்மினலைப் போல நடிக்கிற ஒரு பழைய எமுலேட்டர். இரண்டு மாதத்துக்கு முன் அக்காவின் கம்ப்யூட்டரில் டிஸ்க் போய்விட்டது, அதோடு பக்கத்து மேசைத் தம்பியுடையதையும் சேர்த்து மாற்றி, இரண்டிலும் பட்டி (PuTTY) என்கிற இலவச எமுலேட்டரைப் போட்டிருக்கிறார்கள். சைமன் டேட்டம் எழுதியது, ஊர் உலகமெல்லாம் பயன்படுத்துவது, நானும் தினம் பயன்படுத்துவது. சர்வரின் முகவரியைக் கொடுத்தார்கள், திரை வந்தது, வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள். அமைப்புகள் எல்லாம் வந்தபடியே இருந்தன.

அரை நாள் வீணானது இப்படி. ஒரு விசையின் எஸ்கேப் வரிசை நடுவில் உடைந்து, முதல் பைட் முன்னாலும் மீதி தாமதமாகவும் வந்தால், புரோகிராம் முதலாவதைத் தனி எஸ்கேப் என்று எடுத்துக்கொண்டு மீதியைச் சாதாரண எழுத்தாக உள்ளே விட்டுவிடும். பழைய சீரியல் கேபிள்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் லைனைத்தான் சந்தேகப்பட்டேன், ரவுட்டரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், பிறைக்கு இரண்டு தடவை போன் போட்டு அங்கேயும் தவறு வருகிறதா என்று விசாரித்தேன். கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் போதும். இப்போதைய எமுலேட்டர்கள் ஒரு விசையின் நாலைந்து பைட்டையும் சேர்த்தே அனுப்பிவிடும், அது வழியில் பிரிவது அபூர்வம். அதைவிட முக்கியம், தவறு வந்தது சர்வரோடு ஒரே கட்டடத்தில் கேபிளில் இருந்த மேசையில். தூரத்தில், சுமாரான லைனில் இருந்த பிறை மேசையில் ஒன்றுகூட இல்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது அக்காவே பேசினார். "தம்பி, நான் ஒண்ணு கவனிச்சேன். தப்பா போனது எல்லாமே ஒண்ணுலதான் முடியுது. சிலது ரெண்டு ஒண்ணு, சிலது ஒரே ஒண்ணு. நாலு இலக்கத்துல போட்டது எதுவும் தப்பா போகலை." ஒரு பழைய கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்: 50க்கு 5011, 5க்கு 511, 100க்கு 1001, 250க்கு 2501. கடைசி வரி 1200, அதற்கு எதிரே 1200.

அதுவரை அந்தத் தாளை யாரும் கேட்கவில்லை. முதல் நாளிலேயே யாராவது கேட்டிருந்தால் நான் வந்திருக்கவே வேண்டாம்.

அளவுப் பெட்டியில் இடம் நான்கு இலக்கத்துக்கு. 50ஐத் தொடர்ந்து 11 வந்தால் 5011, 100ஐத் தொடர்ந்து 11 வந்தால் ஒரு 1தான் உள்ளே போகும், 1200இல் இடமே இல்லை. ஆக அளவை அடித்த பிறகு எதுவோ ஒன்று 11 என்று அனுப்புகிறது. அக்காவை ஒரு பில் போடச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தேன். பொருள் எண், என்டர், 50, எஃப்1, என்டர். கண் முழுக்க இடது பக்கம் இருக்கிற ஆர்டர் தாளில், திரைக்கு ஐந்தாறு வரிக்கு ஒரு தடவைதான் வருகிறது. அந்த எஃப்1 எதற்கு என்று கேட்டேன். இருப்பு போதுமா என்று பார்க்க என்றார். வெங்காயம், பருப்பு, மல்லி மாதிரி வேகமாக ஓடுகிற சரக்குக்கு மட்டும் அமுக்குவாராம். இருப்பு போதும் என்றால் திரையில் ஒன்றும் நடக்காது, குறைவு என்றால்தான் கீழே ஒரு வரி வரும். ஒன்றும் நடக்காததுதான் நல்ல செய்தி, 20 வருஷமாக அப்படித்தான்.

லினக்ஸ் கட்டளை வரிக்குப் போய் விசை அனுப்பும் மறைந்த எழுத்துகளையும் காட்டுகிற கேட் கட்டளையை வி தேர்வோடு (cat -v) ஓட்டி, அக்காவின் கீபோர்டில் எஃப்1 அமுக்கினேன். திரையில் வந்தது இது (^[ என்பது எஸ்கேப்):

^[[11~

மாற்றாமல் இருந்த மூன்றாவது மேசைக்குப் போய் அதே விசையை அமுக்கினால் ^[ அடுத்து ஓ, பி என்ற இரண்டு ஆங்கில எழுத்து. பைட்டாகச் சொன்னால் பழைய மேசையில் 27, 79, 80. அக்கா மேசையில் 27, 91, 49, 49, 126. முதலாவது விடி220இன் பிஎஃப்1, புரோகிராமுக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டாவது அதன் அட்டவணையில் கிடையாது, ஏனென்றால் நிஜ விடி220இன் எஃப்1 எதையுமே அனுப்பாது, அதனால் எழுதியவர் அதற்கு ஒரு வரி வைக்கவில்லை. தெரியாத வரிசை வந்தால் புரோகிராம் அதை ஒவ்வொரு எழுத்தாக எடுத்துப் பெட்டியில் போட்டுப் பார்க்கிறது. அளவுப் பெட்டி எண்ணை மட்டும்தான் ஏற்கும். எஸ்கேப் போனது, சதுர அடைப்புக்குறி போனது, இரண்டு 1 உள்ளே நுழைந்தது, கடைசி நெளிகோடு போனது. தள்ளுபடி ஆன ஒவ்வொன்றுக்கும் புரோகிராம் பீப் அனுப்பியிருக்கிறது, ஆனால் புது கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் இல்லை.

இதில் எனக்கு நெஞ்சு பதறியது எங்கே என்றால், அந்த எஃப்1தான் இருப்புச் சோதனை. சோதனை ஓடியிருந்தால் 5011க்கு இருப்பு இல்லை என்று அங்கேயே நிறுத்தியிருக்கும். எண்ணைக் கெடுத்த அதே விசைதான் கெட்ட எண்ணைப் பிடிக்கவேண்டிய விசையும். அக்காவின் கை ஒரு தடவைகூடத் தவறவில்லை. இரண்டு மாதம் அவரைச் சந்தேகப்பட்டோம்.

முதல் திருத்தத்துக்கு ஒரு நிமிஷம்தான் பிடித்தது. பட்டியின் அமைப்பில் டெர்மினல் என்ற தலைப்புக்குள் கீபோர்டு பக்கம் இருக்கிறது. அதில் செயல்விசைகள் என்ன அனுப்பவேண்டும் என்று ஒரு வரிசை தேர்வுகள். வந்தபடி இருப்பதில் எஃப்1 முதல் எஃப்5 வரை 11, 12, 13, 14, 15 என்று எண் வரிசை போகும். எக்ஸ்டெர்ம் ஆர்6 என்ற தேர்வில் எஃப்1 முதல் எஃப்4 வரை மட்டும் பிஎஃப்1 முதல் பிஎஃப்4 வரையான வரிசையாக மாறும், எஃப்5இலிருந்து பழையபடியே. எங்களுக்கு வேண்டியது அதுதான். லினக்ஸ் என்று ஒரு தேர்வும் இருக்கிறது, சர்வர் லினக்ஸ் ஆச்சே என்று அதை எடுக்கத் தோன்றும், எடுக்கக்கூடாது. அது லினக்ஸின் சொந்தக் கன்சோல் மாதிரி நடந்துகொள்ளும், எஃப்1 முதல் எஃப்5 வரை இரண்டு சதுர அடைப்பும் ஓர் எழுத்தும் அனுப்பும். சர்வர் எது என்பதை வைத்து இங்கே முடிவு செய்யக்கூடாது, அதில் ஓடுகிற புரோகிராம் எந்த டெர்மினலை எதிர்பார்க்கிறது என்பதை வைத்துத்தான். இந்த இடத்தில் சறுக்கியவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர்.

வேறு சில விசைகளும் பட்டியில் ஒளிந்துகொண்டு கிடைக்கும். ஷிஃப்டோடு எஃப்1 அமுக்கினால் எஃப்11, ஷிஃப்டோடு எஃப்10 என்றால் எஃப்20. எல்கே201இல் ஹெல்ப், டூ என்று இரண்டு பெரிய விசை உண்டு, அவை எஃப்15, எஃப்16 இடம், ஆக ஷிஃப்ட் எஃப்5, ஷிஃப்ட் எஃப்6. இதைத் தம்பியின் மேசையில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டினேன், அவனுக்கு அது போதுமாக இருந்தது. பட்டியில் பேக்ஸ்பேஸ் வந்தபடி 127 அனுப்பும், அது விடி220க்குச் சரியாகப் பொருந்துவது. ஆனால் எங்கேயோ படித்துவிட்டு அதை 8ஆக மாற்றி வைத்திருந்தான், இந்தப் புரோகிராமில் 8 என்றால் பெட்டியின் தொடக்கத்துக்குப் போ என்று அர்த்தம், அதனால் அழிக்கப்போனால் கர்சர் ஓடிவிடும். "அண்ணே, அது இந்தப் புரோகிராமோட குணம்னு நினைச்சேன்" என்றான். திருப்பி வைத்தேன்.

அக்கா மேசை அவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. எஃப்1 சரியான மறுநாள் காலையிலேயே போன். "தம்பி, வரி காணாமப் போகுது."

இதுதான் இந்த ஆய்வில் எல்லோரும் பார்க்கவேண்டிய பகுதி என்று நினைக்கிறேன். கீபோர்டில் எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நடுவே ஆறு விசைகள் இருக்கின்றன அல்லவா. இன்றைய கீபோர்டில் மேல் வரிசை இன்சர்ட், ஹோம், பேஜ் அப். கீழ் வரிசை டெலீட், எண்ட், பேஜ் டவுன். எல்கே201இலும் அதே இடத்தில் ஆறு உண்டு, ஆனால் பெயர் வேறு: மேலே ஃபைண்ட், இன்சர்ட் ஹியர், ரிமூவ். கீழே செலக்ட், பிரீவ், நெக்ஸ்ட். இவை அனுப்புவது முறையே 1, 2, 3, 4, 5, 6 என்ற எண் உள்ள வரிசைகள். இப்போது எமுலேட்டர் எழுதுகிறவர் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பொருத்தலாம்: இன்சர்ட்டுக்கு 2, டெலீட்டுக்கு 3, பேஜ் அப்புக்கு 5, பேஜ் டவுனுக்கு 6, மிச்சம் இருக்கிற ஹோமுக்கு 1, எண்டுக்கு 4. பட்டி இப்படித்தான் செய்கிறது, புதிதாகப் பழகுகிறவருக்கு அதுதான் நியாயம். அல்லது இடத்தைப் பார்த்துப் பொருத்தலாம், மேல் இடது மூலை ஃபைண்ட், கீழ் இடது மூலை செலக்ட் என்று.

அக்கா நிஜ டெர்மினலில் வேலை பழகியவர். பழைய எமுலேட்டரில் யாரோ ஒரு புண்ணியவான் இடம் பார்த்துப் பொருத்திய ஒரு மேப் கோப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறார், அதனால் டெர்மினல் போனதே அவர் கைக்குத் தெரியவில்லை. அந்தக் கோப்பு டிஸ்க்கோடு போய்விட்டது. இப்போது அக்கா ஒரு வரியைத் தேர்ந்தெடுக்க, செலக்ட் என்று நினைத்து, கீழ் இடது மூலையை அமுக்குகிறார். அங்கே இன்று இருப்பது டெலீட். டெலீட் அனுப்புவது 3. புரோகிராமுக்கு 3 என்றால் ரிமூவ். வரி போய்விட்டது, இந்தப் புரோகிராம் கேட்காமலே நீக்குகிற ரகம். தேர்ந்தெடு என்பதற்கும் நீக்கு என்பதற்கும் நடுவில் இருந்தது அந்தத் தொலைந்த கோப்பு மட்டும்தான்.

அக்கா பார்த்துப் பழகிக்கொள்ளட்டும் என்று முதலாளி சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது என்றே சொல்லவேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான வரி போடுகிற கை அது. 20 வருஷம் பழகிய விரலைப் பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாற்று என்றால் பில் போடுவது நின்றுபோகும், இல்லையென்றால் தவறு வேறு வடிவத்தில் வரும். ஒரு உரைக் கோப்பில் ஆறு எண்ணை மாற்றினால் தீரும் விஷயத்துக்கு மனுஷியை மாற்றச் சொல்வது எந்தக் கணக்கில் லாபம்?

பட்டியில் விரும்பிய விசைக்கு விரும்பியதை அனுப்பும் வசதி கிடையாது, இருக்கிற தேர்வுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதனால் அக்காவின் மேசைக்கு மட்டும் டெரா டெர்ம் போட்டேன். ஜப்பானில் பிறந்த இலவச மென்பொருள், அதன் விசைப் பொருத்தம் எல்லாம் கீபோர்டு.சிஎன்எஃப் என்ற சாதாரண உரைக் கோப்பில் இருக்கும், நோட்பேடில் திறந்து திருத்தலாம். இடது பக்கம் விடி விசையின் பெயர், சமக்குறி, வலது பக்கம் நம் கீபோர்டு விசையின் எண். எந்த விசைக்கு எந்த எண் என்று மனப்பாடம் வேண்டாம், கூடவே கீகோட் என்று ஒரு குட்டி மென்பொருள் வரும், அதைத் திறந்து விசையை அமுக்கினால் எண்ணைச் சொல்லும். அந்த ஆறுக்கும் நான் போட்டது இது: ஃபைண்ட் 338, இன்சர்ட் ஹியர் 327, ரிமூவ் 329, செலக்ட் 339, பிரீவ் 335, நெக்ஸ்ட் 337. எண்களின் கணக்கு தெரிந்தால் கை வேகமாகப் போகும்: முதலில் விசையின் ஸ்கேன் எண் (கீபோர்டு ஒவ்வொரு விசைக்கும் வைத்திருக்கும் எண்), எண் விசைத்தொகுதிக்கு வெளியே இருக்கிற அம்பு, ஹோம் மாதிரியானவற்றுக்கு 256 கூடுதல், ஷிஃப்ட் சேர்ந்தால் 512, கண்ட்ரோல் சேர்ந்தால் 1024, ஆல்ட் சேர்ந்தால் 2048. எஃப்1 வெறும் 59, ஷிஃப்டோடு 571.

ஒரு சிக்கல் வந்தது. அக்கா பிஎஃப்1ஐ இரண்டு இடத்தில் அமுக்குகிறார்: பில் போடும்போது எஃப்1, சரக்கு எண்ணும்போது எண் விசைத்தொகுதியின் தலையில் இருக்கிற நம் லாக் (Num Lock). பழைய மேப்பில் இரண்டும் பிஎஃப்1. டெரா டெர்மின் கோப்பில் ஒரு விடி விசைக்கு ஒரே எண்தான் தரமுடியும், அதனால் பிஎஃப்1க்கு நம் லாக்கின் 325ஐக் கொடுத்துவிட்டு, கோப்பின் கடைசியில் இருக்கும் பயனர் விசைப் பகுதியில் 59க்குத் தனியாக ஒரு வரி எழுதினேன். அங்கே விசை எண், வகை, அனுப்பவேண்டிய எழுத்துகள் என்று மூன்றைக் காற்புள்ளி போட்டுத் தரவேண்டும். உள்ளபடியே அனுப்பு என்றால் வகை 0, எஸ்கேப்பை டாலர் குறி போட்டு 16 அடிமான எண்ணாக எழுதவேண்டும். ஒரே எண்ணைத் தவறுதலாக இரண்டு இடத்தில் போட்டால் கோப்பைப் படிக்கும்போதே அது எச்சரிக்கும், எனக்கு மூன்று தடவை எச்சரித்தது.

மற்ற விசைகளை ஊகித்துப் போடவில்லை. மூன்றாவது மேசையில் பழைய எமுலேட்டர் இன்னும் உயிரோடு இருந்தது, அதே மேப்போடு. சாயங்காலம் கடை ஓய்ந்த பிறகு, கீழே இருந்து தே ஓ வரவழைத்துக்கொண்டு, அக்கா ஒவ்வொரு விசையாக அமுக்க நான் திரையில் வந்ததை எழுதிக்கொண்டே போனேன். தனியாக ஒன்று, ஷிஃப்டோடு ஒன்று, கண்ட்ரோலோடு ஒன்று. பாதியில் அக்கா நிறுத்தி, "இதை நான் அமுக்கறதே இல்லை, விட்டுடுங்க" என்று பலதைக் கழித்தார், சிலதுக்கு "இது இல்லாம கை கட்டின மாதிரி இருக்கும்" என்றார். கடைசியில் உண்மையாகத் தேவைப்பட்டது 41. அந்தப் பட்டியலை உபயோகிப்பவரோடு உட்கார்ந்து எடுத்ததால்தான் 41. நானே தனியாக எடுத்திருந்தால் நூறு எழுதி, முக்கியமான ஐந்தை விட்டிருப்பேன்.

விசைக்கு மேல் அக்காவே ஸ்டிக்கர் ஒட்டினார், தமிழில்: தேடு, எடு, நீக்கு, முன், பின். ரிமூவ் இருக்கிற விசைக்கு மட்டும் சிவப்பு மை.

நடுவில் வேறொன்றும் சிக்கியது, தமிழில் தட்டுகிற எல்லோருக்கும் உபயோகப்படும் என்பதால் சொல்கிறேன். பிறை கிடங்கில் ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளரைத் திறந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கிறது என்று புகார். பக்கத்து மேசைத் தம்பி தன் கம்ப்யூட்டரில் தமிழில் தட்டுவதற்கான அஞ்சல் விசைமுறையை மாற்ற மறந்து, குறிப்புப் பெட்டியில் "ஐயா காலையில் வருவார்" என்று தமிழிலேயே அடித்திருக்கிறான். அவனுடைய பட்டி யூடிஎஃப்-8இல் (எல்லா மொழி எழுத்தையும் பைட்டாக எழுதும் முறை) இருந்ததால் அங்கே ஒழுங்காகத் தெரிந்தது. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ் உயிரெழுத்து மூன்று பைட், ஐ என்பது 224, 174, 144. பிறையின் பழைய எமுலேட்டருக்கு யூடிஎஃப்-8 தெரியாது, ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியாக விடி220 கண்ணோடு பார்க்கும். 144 என்பது அதற்கு ஒரு கட்டுப்பாட்டுக் குறி: இனி வருவதைத் திரையில் காட்டாதே, முடிவுக் குறி வரும்வரை விழுங்கிக்கொண்டே இரு. முடிவுக் குறி 156. 156இல் முடிகிற தமிழ் எழுத்து ஜ. ஆக ஐ போட்டால் திரை அடைக்கும், எப்போதாவது ஒரு ஜ வந்தால் திறக்கும். அந்தக் குறிப்பில் ஜ இல்லை. குறிப்பை ரோமன் எழுத்தில் மாற்றி, பிறைக்கும் பட்டி போட்டு, எல்லா மேசையையும் யூடிஎஃப்-8க்குக் கொண்டுவந்த பிறகு தமிழிலேயே குறிப்பு எழுதச் சொல்லிவிட்டேன். இப்போது எழுதுகிறார்கள்.

சரிபார்த்தது: கம்ப்யூட்டர் மாற்றிய நாளிலிருந்து போட்ட டிஓ வரிகளில், அளவு 11இல் முடிவதையும், நான்கு இலக்கமாகி 1இல் முடிவதையும் எடுத்து ஆர்டர் தாளோடு ஒப்பிட்டோம். கிடங்கில் பிடிபட்டவை போக இன்னும் இரண்டு இருந்தன, இரண்டும் சின்ன அளவு, 1 என்பது 111 ஆனது மாதிரி, ஒன்றுக்குப் பணமும் வாங்கியிருந்தார்கள். முதலாளி அந்தக் கடைக்கு நேரில் போய் வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். திரும்பி வந்து மாடிக்கு ஏறி அக்காவிடம், "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றார். நான் அங்கே இருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

கோப்புகளைப் பத்திரப்படுத்துவது சின்ன வேலை, ஆனால் முதல் தடவை எல்லாம் தொலைந்ததே அதைச் செய்யாததால். பட்டி தன் அமைப்புகளைக் கோப்பில் வைப்பதில்லை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், அந்தப் பயனரின் கணக்குக்குள் வைக்கிறது. மென்பொருளை மட்டும் புதுக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்தால் அமைப்பு வராது. ரெஜிஸ்ட்ரியிலிருந்து அந்தப் பகுதியை ஏற்றுமதி செய்து சர்வரில் போட்டேன், டெரா டெர்மின் கோப்பை அக்காவின் மேசை என்று பெயர் வைத்து அதன் பக்கத்தில் போட்டேன். 41 விசையின் பட்டியலை அச்சடித்து ஒரு பிரதி பில் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. பீப் கேட்க அக்கா மேசைக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர்.

இன்னும் முழுதாகத் தீராதது ஒன்று இருக்கிறது. எல்கே201இன் எண் விசைத்தொகுதியில் 18 விசை, நம்முடையதில் 17. அங்கே 9க்குப் பக்கத்தில் கழித்தல், 6க்குப் பக்கத்தில் காற்புள்ளி, இரண்டும் தனித்தனி. இங்கே அந்த இரண்டு இடத்தையும் ஒரே நீளக் கூட்டல் விசை பிடித்துக்கொண்டிருக்கிறது, நம் கீபோர்டின் கழித்தல் ஒரு வரிசை மேலே போய் பிஎஃப்4 இடத்தில் நிற்கிறது. எது வேண்டும் என்று அக்காவைக் கேட்டேன். காற்புள்ளிதான் அடிக்கடி, அடுத்த வாடிக்கையாளருக்குப் போக, என்றார். கூட்டலுக்குக் காற்புள்ளி, 78. ஷிஃப்டோடு கூட்டலுக்குக் கழித்தல், 590. கழித்தலுக்கு மட்டும் கை இன்னும் ஒரு நொடி தயங்குகிறது என்று போன வாரம் சொன்னார். 18 விசை உள்ள எண் விசைத்தொகுதி தனியாக யூஎஸ்பியில் கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.